அலையும் அரணும்: இக்கடுவைக் கடற்கரை

இலங்கை கடல் சூழ்ந்த நாடு. 1,300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரையோரம் இதற்கு உண்டு. எனினும் இந்நாட்டு மக்களுட் கடலைக் கரையில் நின்று பார்த்தவரே பலர். அதனுள் இறங்கி, முகத்தை நீரில் அமிழ்த்திக் கண்திறந்து பார்த்தவர் மிகச் சிலர். மீனவர்க்குக் கடல் தொழிற்களம். ஏனையோர்க்கு அது மாலை வேளையிற் காற்று வாங்கும் இடம். பிள்ளைகள் கணுக்காலளவு நீரிற் கால் நனைத்த உடனேயே, "போதும், திரும்பி வா" என்று பெற்றோர் குரல் கொடுப்பர். அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அச்சம் அறிவாக மாறினாலன்றிக் கடலின் அழகும் விளங்காது. கடல் செய்யும் உதவியும் விளங்காது.

குழந்தை முதல் முதியோர் வரை ஒரு குடும்பத்தவர் அனைவரும் ஒருங்கே சென்று மகிழக்கூடிய கடற்கரைகள் இந்நாட்டிற் சில உள. அங்கே சிறுவர் ஆழமற்ற நீரில் விளையாடலாம். பெரியோர் நீரினடியிலுள்ள உலகைக் கண்டு வியக்கலாம். இளையோர் பலகையேறி அலைமீது சறுக்கப் பழகலாம். இம்மூன்றும் ஒரே கரையில் அமைவது அரிது. அவ்வாறு அமைந்த கரைகளுள் ஒன்று தென்மேற்கிலுள்ள இக்கடுவை.

கொழும்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், காலி நகரை அடைவதற்குச் சிறிது முன்னே இவ்வூர் உள்ளது. கொழும்புக் கோட்டை நிலையத்திற் புறப்பட்டு மாத்தறை நோக்கிச் செல்லும் கரையோரப் புகையிரதத்தில் ஏறுவோர்க்குப் பயணமே ஒரு காட்சி. பல இடங்களிலே தண்டவாளம் கடலோடு ஒட்டிச் செல்கிறது. வாதுவைப் பக்கத்திலே தென்னைக்குத் தென்னை கட்டிய கயிறுகளைக் காணலாம். கள்ளிறக்குவோர் நிலத்தில் இறங்காமலே மரத்துக்கு மரம் நடந்து செல்லும் பாதை அது. களுத்துறையில் ஓர் ஆறு, பெந்தோட்டையில் ஓர் ஆறு. இவற்றைக் கடந்து அம்பலாங்கொடையைத் தாண்டினால் இக்கடுவை நிலையம். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே செல்லலாம்.

செல்வதற்குரிய காலத்தை அறிந்து செல்வது முதற் கடமை. தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது சோழகமென்றும் கச்சானென்றும் தமிழ்ப் பகுதிகளில் வழங்கும் காற்று, மே மாதம் முதல் செப்தெம்பர் வரை இக்கரையை நேரே தாக்கும். அக்காலத்திற் கடல் கலங்கியிருக்கும், அலை ஒழுங்கற்று எழும், நீரோட்டம் வலுத்திருக்கும். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நாட்கள் பல. அப்பொழுது நீர் தெளிந்து, மேற்பரப்பு கண்ணாடி போலாகிறது. அதிலும் காலைப் பொழுதே சிறந்தது. மார்கழி மாதப் பாடசாலை விடுமுறை இக்காலத்துள் அமைவது குடும்பங்களுக்கு வாய்ப்பானது.

கரையில் வந்து நிற்பவர்க்கு முதலிற் புலப்படுவது கடலில் நீளும் ஒரு வெண்கோடு. தொலைவிலிருந்து வரும் அலை அவ்வெண்கோட்டில் மோதி நுரைத்து உடைகிறது. கோட்டுக்கு இப்பாலுள்ள நீரோ குளம் போல அமைதியாகக் கிடக்கிறது. பச்சையும் நீலமுமாகத் தோன்றும் அந்நீரிற் பல இடங்களில் ஆளளவு ஆழந்தானுமில்லை. அலையை அங்கே தடுத்து நிறுத்துவது எது? மனிதர் கட்டிய அணையன்று. அது முருகைக்கற்பார்.

முருகைக்கல் என்பது கல்லெனத் தோன்றினும், உயிர்கள் கட்டிய வீடு. ஊசிமுனையளவிலிருந்து சிறு பூவளவு வரையுள்ள மெல்லுடல் உயிர்கள் கோடிக்கணக்கிற் கூடி வாழ்ந்து, கடல் நீரிலுள்ள சுண்ணாம்பைத் தம் உடலைச் சுற்றிப் படியச் செய்கின்றன. ஒரு தலைமுறை இறக்க, அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை வளர்கிறது. இவ்வுயிர்களின் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியைக்கொண்டு உணவாக்கி, அதிற் பெரும் பங்கைத் தமக்கு இடங்கொடுத்த உயிர்க்கே அப்பாசிகள் அளிக்கின்றன. முருகைக்குப் பெரும்பாலும் நிறந்தருவனவும் அவையே. ஆகவே ஒளி புகும் தெளிந்த நீரும், வெப்ப வலயக் கடலின் இளஞ்சூடும் இவ்வுயிர்கள் வாழ இன்றியமையாதன. ஆற்று வண்டல் கலந்து நீர் கலங்கினும் அவை நலியும். சூடு அளவுக்கு மிஞ்சினும் நலியும்.

உருண்டு திரண்டு வளரும் முருகை ஓராண்டிற் பெரும்பாலும் 1 சென்ரிமீற்றர் அளவே உயர்கிறது. ஆளுயர முருகைக் குன்றொன்று கடலடியில் நிற்குமாயின், அது பாட்டன் பூட்டன் காலத்துக்கு முன்பே வளரத் தொடங்கியது என்று கொள்ளலாம். இக்கடுவையின் அமைதியான நீர் இத்தகைய பொறுமையால் உண்டானது.

இங்கே வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்திற் கொள்ளலாம். தாய், தந்தை, இரு பிள்ளைகள், நெடுந்தீவிலே பிறந்து வளர்ந்த பாட்டியார். பிள்ளைகள் நீரில் இறங்கிவிட, பாட்டியார் மணலில் அமர்ந்திருக்கிறார். கரையில் ஒதுங்கிய வெண்ணிறத் துண்டொன்றை இளைய பிள்ளை அவரிடம் காட்டி, "அம்மம்மா, இது கல்லா, எலும்பா?" என்று கேட்கிறது. "எங்கள் ஊர் மதிலெல்லாம் இந்தக் கல்தான், பிள்ளை" என்கிறார் அவர். நெடுந்தீவின் வளவுகளைச் சுற்றி முருகைக்கல்லாற் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் இன்றும் நிற்கின்றன. யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் இக்கல் உண்டு. குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணாம்புக் கல்லும் மிகப் பழைய காலத்துக் கடலடியிற் படிந்ததே. அப்பிள்ளையின் வினாவில் இரு பாதியும் உண்மை: அது கல்லும் ஆகும், ஓர் உயிரின் எலும்பும் ஆகும். வடக்கிலிருந்து செல்வோர் தம் வீட்டு மதிலாகக் கண்டதை இங்கே உயிரோடு காண்கின்றனர்.

காண்பதற்கு வேண்டிய கருவிகள் மூன்று. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்று. வாயிற் கவ்வி மூச்சுவிடும் வளைந்த குழாய் ஒன்று. பாதங்களுக்குத் துடுப்புப் போன்ற றப்பர் அணிகள் ஒரு சோடி. கடற்கரைக் கடைகளில் இவற்றை வாடகைக்குப் பெறலாம். முகமூடி முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதை அறிய எளிய வழியுண்டு. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சிழுத்தால், பொருத்தமானது கைவிட்ட பின்னும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொருந்தாததை மாற்றிக் கொள்வதே நன்று. உள்ளே நீர் புகும் முகமூடியே புதியவர்க்கு நடுக்கத்தைத் தருவது. கண்ணாடியின் உட்பக்கத்தில் உமிழ்நீர் தடவிக் கழுவினால் ஆவி படியாது.

முதலில் முழங்காலளவு நீரில் மண்டியிட்டு, முகத்தை மட்டும் நீரில் வைத்து, வாயால் நீண்டு மெதுவாக மூச்சுவிடப் பழகவேண்டும். குழாயில் நீர் புகுந்தால் ஊதி வெளியேற்ற வேண்டும். நெஞ்சு படபடக்காமல் ஐந்து நிமிடம் இவ்வாறு இருக்கக் கற்றவர்க்கு மீதி எளிது. உடலைத் தளரவிட்டு மிதந்தாற் போதும். கடல் நீரின் உப்பே உடலைத் தாங்கும். கையை அடித்துத் துழாவுதல் வேண்டாம். நீந்தத் தெரியாதோரும் சிறுவரும் மிதவைச் சட்டை அணிந்து, நீந்தத் தெரிந்தவர் ஒருவர் கையெட்டும் தொலைவில் நிற்க, இதனைச் செய்யலாம்.

கீழே தெரியும் காட்சி கரையிலிருந்து எண்ணிப் பார்க்க முடியாதது. கோவா இலை விரிந்தாற்போற் சில முருகைகள்; மூளையின் மடிப்புப் போற் சில; மான்கொம்பு போற் கிளைத்தன சில. அவற்றிடையே வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாகத் திரிகின்றன. யாழ்ப்பாணச் சந்தையிற் காணும் கிளிமீன் இங்கே உயிரோடு கல்லைக் கடிப்பதைக் காணலாம். செவி கூர்ந்தாற் கடிக்கும் ஓசையும் கேட்கும். பாசிக்காகக் கடித்த சுண்ணாம்பை அரைத்து, வெண்மணலாக அது வெளியேற்றுகிறது. வெப்ப வலயக் கடற்கரைகளின் வெண்மணலிற் கணிசமான பங்கு இவ்வாறு உண்டானதே. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் மணலும் பாரின் கொடை என்பது இதனால் விளங்கும். சில நாட்களிற் கடலாமைகள் கரையை ஒட்டியே வந்து பாசி மேய்ந்து செல்லும். அவற்றைச் சுற்றி வளைத்தலும், தொட முயல்வதும், உணவூட்டுவதும் தவிர்க்கத்தக்கன. மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய விலங்கு தன் இயல்பை இழந்துவிடுகிறது.

நீரடியுலகின் ஈர்ப்பு அறிஞரையும் விட்டதில்லை. 1956ஆம் ஆண்டில் இலங்கையைத் தம் வாழிடமாகக் கொண்ட ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கை இத்தீவுக்கு ஈர்த்தவற்றுள் இந்நாட்டுப் பார்களும் சேரும். இக்கடுவையில் அவருக்குச் சுழியோடு நிலையமொன்றும் இருந்தது.

இனி அலைச்சறுக்கல். பாரின் காவலுள்ள நீரிலே இதற்கு இடமில்லை. அலை பாரின்மேல் உடையும் இடமோ தேர்ந்தவர்க்கே உரியது. அங்கே விழுபவர் கல்லின்மேல் விழுவர். ஆகவே புதியவர் கரையோரமாகத் தெற்கே நடந்து, நாரிகமப் பக்கத்து மணற்கரைக்குச் செல்கின்றனர். அங்கே கடலடி மணலாதலால் அலை மெல்லச் சரிந்து, வெண்ணுரையாக நெடுந்தூரம் உருண்டு வருகிறது. இதே கரையோரத்தில் காலிக்கு அப்பாலுள்ள வெலிகம விரிகுடாவும் இத்தகைய மணலடியால் தொடக்கநிலைப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது.

அலை எங்கே உடைகிறது என்பதைக் கடலடியே தீர்மானிக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், தெற்கிந்து சமுத்திரத்துப் புயல்களால் எழுந்த அலைகள் பல நாட் பயணஞ்செய்து இக்கரையை அடைகின்றன. நீரின் ஆழம் குறையக் குறைய அலையின் அடி தடைப்பட்டு, முடி முந்துகிறது. ஏறத்தாழ 1 மீற்றர் உயரமுள்ள அலை, ஆழம் 1.3 மீற்றர் அளவாகக் குறையும்போது உடைகிறது. கடலடி திடீரென உயர்ந்தால் அலை செங்குத்தாக எழுந்து கவிழும்; மெல்ல உயர்ந்தாற் சரிந்து நுரைக்கும். புதியவர்க்கு வேண்டுவது இரண்டாவது வகை.

இவ்விளையாட்டின் தாயகம் பசுபிக் சமுத்திரத் தீவுகள். ஹவாய்த் தீவினர் மரப்பலகையில் அலையேறி விளையாடியதைக் கப்பற்றலைவர் குக்குடன் சென்றோர் 1779ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தனர். 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் நீச்சற் போட்டியில் வென்ற டியூக் கஹனமோக்கு என்னும் ஹவாய் வீரர், பின்னர் அவுஸ்திரேலியாவிலும் இதனைக் காட்டிப் பரப்பினார். தோக்கியோ ஒலிம்பிக்கிலே, 2021ஆம் ஆண்டில், இது முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. கட்டுமரமேறி, உடையும் அலையோடு கரைசேரும் தமிழ் மீனவர்க்கு இதன் அடிப்படை நுட்பம் புதியதன்று.

பழகும் முறை படிப்படியானது. பயிற்றுவோர் முதலிற் பலகையை மணலில் வைத்தே கற்பிப்பர். தொடக்கத்தினர்க்குரிய பலகை நீண்டு அகன்றது, மேற்பரப்பு மென்மையானது. அதன்மேற் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் நீரைத் தள்ளுவது போலப் பாவனை செய்து, பின் மார்பருகே கைகளை ஊன்றி எழுந்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக முழங்கால் மடித்து நிற்கவேண்டும். பார்வை காலடியிலன்று, முன்னே கரையில். இதனைப் பலமுறை செய்தபின் இடுப்பளவு நீருக்குச் செல்வர். பயிற்றுநர் பலகையின் பின்புறத்தைப் பிடித்திருந்து, உடைந்து வரும் வெண்ணுரை அணுகியதும் தள்ளிவிடுவார். முதல் முயற்சியில் எழுந்து நிற்பவர் சிலரே. பலர் பத்து முறை விழுவர். பதினோராவது முறை இரண்டு நொடி நிற்பர். அந்த இரண்டு நொடியை ஒரு சிறுமி கரையில் நிற்கும் தந்தைக்குக் கூவிச் சொல்வதைக் கேட்டவர், அவள் விழுந்த பத்துமுறையை மறந்துவிடுவர்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்றதோ என்று ஐயுறுவோர் உளர். கிழக்கே அறுகம் குடாவில் 2018ஆம் ஆண்டிலே அவ்வூர் மகளிரே கூடித் தமக்கெனத் தனி அலைச்சறுக்கற் கழகமொன்றை அமைத்தனர். உடலை முழுவதும் மூடும் நீச்சலுடை இவ்விளையாட்டுக்குத் தடையன்று. வெயிலுக்கும் பலகை உராய்வுக்கும் அதுவே நல்ல காப்பு.

விழும் முறையையும் கற்கவேண்டும். தலை கீழாகப் பாயாமல், உடல் தட்டையாக விழ வேண்டும். நீர்மேல் வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். கணுக்காலிற் கட்டிய கயிற்றின் மறுமுனையில் பலகை உள்ளது. அதுவே திரும்பி வந்து தலையில் மோதக்கூடும். பலகையைத் தனக்கும் அலைக்கும் நடுவே ஒருபொழுதும் பிடித்தலாகாது.

மணற்கரையில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அலையாற் கரைக்கு வந்த நீர், ஏதேனும் ஓரிடத்தில் ஒன்றுகூடி, ஒடுங்கிய ஆறு போலக் கடலுக்குத் திரும்பும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. ஆகவே கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். தோற்றத்தை நம்பி இறங்குவோரை அது வெளியே இழுத்துச் செல்லும். இழுக்கப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் விரைவிற் களைத்துவிடுவர். பலர் உயிரிழப்பது அதனாலேயே. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தைக் கடந்து, பின் அலையோடு கரைக்குத் திரும்புதல் வேண்டும். நீந்த இயலாவிடின் மிதந்தவாறே கையுயர்த்தி உதவி கோரவேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் இறங்குதல் கூடாது. உயிர்காப்போர் நிற்கும் இடத்தில் அவர்கள் கண்ணுக்கு எட்டக் குளிப்பதும், இறங்குமுன் அவ்வூர் மீனவரிடம் நீரோட்டத்தைக் கேட்டறிவதும் நன்று.

இவ்வளவு இன்பத்தையும் தரும் பாரின் வரலாறு இன்பமானதன்று. இத்தென்மேற்குக் கரையிலே நெடுங்காலமாக முருகைக்கல் வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எரித்தனர். வீடுகட்டச் சுண்ணாம்பு வேண்டும். கல் வெட்டுவோர்க்கும் சூளை வைத்திருப்போர்க்கும் பிழைப்பு வேண்டும். அதனைச் செய்தோர் பெரும்பாலும் ஏழைகள். வேறு தொழில் காட்டாமல் அவர்களை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. ஆயினும் வெட்டிய இடங்களிற் கடல் நிலத்தை அரித்தது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் தடைசெய்யப்பட்டது. இக்கடுவைப் பார் 1979இல் சரணாலயமாகவும், 2002இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது.

சட்டம் தடுக்கவியலாத கேடும் வந்தது. 1998ஆம் ஆண்டிலே கடல் நீரின் வெப்பம் வழமையினும் மிகுந்து பல வாரம் நீடித்தது. வெப்பந் தாளாத முருகையுயிர்கள் தம்முள் வாழ்ந்த பாசிகளை வெளியேற்றி வெளுத்தன. உணவூட்டிய துணையை இழந்த அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தன. கிளைத்து வளர்ந்த முருகைகள் இருந்த இடத்தில் உடைந்த குச்சிகளே எஞ்சின. மெல்ல மெல்ல மீண்டுவரும் வேளையில், 2016இலும் வெளிறல் நேர்ந்தது. உலகின் வெப்பம் ஏறுவதன் விளைவை இக்கரையிற் கண்ணாற் காணலாம். கண்ணாடித் தளமுள்ள படகுகள் ஆழமற்ற நீரிற் கல்லை உராய்ந்து சென்றதும், பார்க்க வந்தோர் பாரின்மேல் ஏறி நின்றதும், நலிந்த உயிரை மேலும் நலிவித்தன.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அருகே எழுந்த ஆழிப்பேரலையை இந்நாட்டில் மறந்தவர் இலர். முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு, கல்முனை ஊடாகத் தெற்குவரை 30,000இற்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டனர். இக்கடுவைக்கு வடக்கே 3 கிலோமீற்றருக்குள் இருப்பது பெரலிய என்னும் கிராமம். கொழும்பிலிருந்து வந்த புகையிரதம் அங்கே அலையில் அகப்பட, 1,000இற்கும் மேற்பட்டோர் அவ்விடத்திலேயே உயிர்துறந்தனர். உலக வரலாற்றிலே ஒரு புகையிரத விபத்தில் இவ்வளவு உயிர் போனதில்லை.

அக்கரையோரத்தை அளந்து ஆராய்ந்தோர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. பெரலியவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர் உயரமாக எழுந்து, 1.5 கிலோமீற்றர் உள்ளே சென்றது. பாரைக் காத்துவந்த இக்கடுவையிலோ 2 முதல் 3 மீற்றர் உயரமாகவே வந்து, 50 மீற்றர் அளவில் நின்றது. பெரலியவின் எதிரே முருகைக்கல் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது என்பதையும், அவ்விடைவெளியூடாக நீர் பெருகிப் பாய்ந்தது என்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். எந்தப் பாரும் எந்தப் பேரலையையும் முற்றாகத் தடுத்துவிடும் என்று இதனாற் கொள்ளலாகாது. கரையின் வடிவும் கடலடியின் சாய்வும் அலையின் போக்கை மாற்றுவன. ஆயினும் அண்டையிலிருந்த ஊர்களுக்கு நேர்ந்த கதியின் வேற்றுமை, பார் என்பது காட்சிப் பொருள் மட்டுமன்று என்பதைக் காட்டப் போதுமானது. அது ஊரின் மதில். பிள்ளை குளிக்கும் நீரை அமைதியாக்கும் அதே கல்தான், தீய நாளில் அப்பிள்ளையின் வீட்டுக்கும் வேலியாகிறது.

ஆகவே இக்கடுவைக்குச் செல்வோர் சில ஒழுங்குகளைப் பேணுதல் வேண்டும். அவை கடினமானவையல்ல. பாரின்மேல் நிற்றலாகாது, களைத்தால் மணலுக்குத் திரும்பி நிற்கவேண்டும், அல்லது மல்லாந்து மிதக்கவேண்டும். ஓர் அடி வைப்பதற்கு ஒரு நொடி போதும். அது நொருக்கிய முருகை மீண்டும் வளரப் பல ஆண்டு வேண்டும். கல்லும் சங்கும் சிப்பியும் எடுத்துச் செல்லுதல் பூங்காவிற் குற்றமாகும். வெயிலுக்குப் பூசும் களிம்புகளுட் சில முருகைக்குத் தீங்கானவை. நீண்ட கைச்சட்டை அணிந்து செல்வது மலிவானதும் சிறந்ததும் ஆகும். படகிற் செல்வோர், கல்லருகே படகைச் செலுத்தாத படகோட்டியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். விலையைச் சிறிது குறைத்துக் கேட்பவரைவிட, கடலைப் பேணுபவரைத் தேடிச் செல்வோர் பெருகினால், அவ்வூர்ப் படகோட்டிகள் அனைவரும் பேணுவோராக மாறுவர்.

வடக்குக் கிழக்கு மக்கள் இவ்வின்பத்துக்காகத் தெற்கேதான் செல்லவேண்டும் என்பதில்லை. தென்மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களிலே கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவது அரிது. நீருக்கு அஞ்சும் முதியோரும் அங்கே இறங்குவர். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்கா. முருகையும் மீனும் காண்பதற்கு அதனினும் சிறந்த இடங்கள் நாட்டிற் சிலவே. பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் அலையேறப் பழகலாம். ஆவணி விடுமுறைக்குக் கிழக்கு, மார்கழி விடுமுறைக்குத் தெற்கு என இயற்கையே காலத்தைப் பங்கிட்டுத் தந்துள்ளது. இக்கடுவையிற் கற்ற ஒழுங்குகள் அவ்விடங்களுக்கும் பொருந்தும். அங்குள்ள பார்களும் அதே வெப்பத்தையும் அதே காலடிகளையும் தாங்கி நிற்கின்றன.

ஒரு நாட் பயணத்தில் ஒரு குடும்பம் பெறக்கூடியவை பல. சிறுவர்க்கு நீச்சலில் ஆசை பிறக்கும். இளையோர்க்கு விழுந்தெழும் உறுதி பிறக்கும். முதியோர், தாம் வாழ்ந்த வீட்டின் மதிற்கல் ஒருகாலத்தில் உயிரோடிருந்ததைக் காண்பர். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பெறத்தக்கது ஒன்றுண்டு. கரையில் நின்று வெண்கோடாகக் கண்ட அந்தப் பாரை, நீரில் முகம் அமிழ்த்திப் பார்த்தபின், ஊரைக் காக்கும் உயிர் அரணாக அறிந்துகொள்ளல். அவ்வாறு அறிந்த பிள்ளை அதன்மேற் கால் வையாது. பிறர் வைப்பதைக் கண்டாலும் வாளாவிராது. அத்தகைய பிள்ளைகள் ஊருக்கு ஒருவராயினும் இருப்பின், வெப்பம் தணியும் காலம்வரை பாருக்குச் சிறிது மூச்சுவிட இடங்கிடைக்கும். அதன் பின்னால் வாழும் ஊர்களுக்கும் அதுவே காவலாகும்.